ஜெர்மன் இலக்கிய முதுகலை: ஃபோர்லேசுங்கில் உட்காருவதா, மாலை நிகழ்ச்சிகளுக்குப் போவதா?

மதுரைமல்லி

வணக்கம். அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட் கோத்தே பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் இலக்கிய முதுகலை சேரப் போகிறேன். பாடப்பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. ஃபோர்லேசுங் (விரிவுரை), செமினார் (சிறு குழு வகுப்பு), கொலோக்வியம் (ஆய்வு விவாதக் கூட்டம்), ரிங்ஃபோர்லேசுங். இது போக பாதி மாலைகளில் யாராவது விருந்தினர் பேசுகிறார், ஓர் எழுத்தாளர் வாசிக்கிறார், மாணவர் மன்றம் படம் போடுகிறது.

ஃபோர்லேசுங்கில் பெரும்பாலும் வருகைப் பதிவே கிடையாது என்கிறார்கள். 75 சதவீதம் இல்லாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது என்று வளர்ந்தவள் நான், இது எனக்குப் பிடிபடவே இல்லை. பகுதிநேர வேலைக்கும் போக வேண்டியிருக்கும். எதை விடலாம், எதை விடக்கூடாது?

இன்னொன்று, கேட்கக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஜெர்மன் மொழியில் சி1 நிலை முடித்திருக்கிறேன். ஆனால் நூறு பேர் நடுவில் கையைத் தூக்கி ஜெர்மனில் கேள்வி கேட்கும் தைரியம் வரவில்லை. வாயே திறக்காமல் இரண்டு வருடம் ஓட்டிவிட முடியுமா?

நெக்கர்க்கரை

வாழ்த்துகள் தங்கச்சி. நான் ட்யூபிங்கனில் படித்தவன். ஊர் வேறு என்றாலும் நடைமுறை ஏறத்தாழ ஒன்றுதான்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: முடியாது. செமினாரில் இருபது முப்பது பேர்தான் இருப்பார்கள், ஒரு நாள் நீங்கள் ரெஃபராட் (வகுப்பின் முன் ஓர் உரை) கொடுத்தே ஆகவேண்டும், செமஸ்டர் முடிவில் பதினைந்து இருபது பக்கக் கட்டுரை. அங்கே ஒளிந்துகொள்ள இடமில்லை. ஃபோர்லேசுங்கில் ஒளியலாம். பேராசிரியர் ஒன்றரை மணி நேரம் பேசுவார், நீங்கள் குறிப்பெடுப்பீர்கள், கடைசியில் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள் (கைதட்ட மாட்டார்கள், முதல் நாள் பயந்துவிடாதீர்கள்). ரிங்ஃபோர்லேசுங் என்றால் ஒரே தலைப்பில் வாரம் ஒருவர் வந்து பேசுவது. சிலர் அருமையாகப் பேசுவார்கள், சிலர் தங்கள் அடுத்த புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தை அப்படியே படித்துவிட்டுப் போவார்கள்.

என் கருத்து: நேரம் குறைவாக இருந்தால் ஃபோர்லேசுங்கை விடுங்கள், மாலை உரைகளை விடாதீர்கள். ஃபோர்லேசுங்கில் சொல்வதெல்லாம் நூலகத்தில் இருக்கிறது. மாலையில் வருபவர் இன்னும் அச்சாகாத ஒன்றைச் சொல்கிறார், அவரை எதிர்த்துக் கேட்கலாம், அவர் தடுமாறுவதைப் பார்க்கலாம். ஓர் ஆராய்ச்சிக் கேள்வி எப்படிப் பிறக்கிறது என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

நடைமுறை விவரம்: '18 சி.டி.' என்று போட்டிருந்தால் 6.15க்குத் தொடங்கும். '18 எஸ்.டி.' என்றால் சரியாக ஆறு. முன் வரிசையில் வெள்ளை முடிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகு கட்டணம் கட்டிக் கேட்க வருகிறவர்கள், எல்லாவற்றையும் படித்தவர்கள். முதல் கேள்வி எப்போதும் அவர்களுடையது. நான்கு நிமிடம் நீளும், கேள்விக்குறி மட்டும் வரவே வராது. ஆகவே உங்கள் ஜெர்மனைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை. சுருக்கமாக ஒரு கேள்வி வந்தாலே எல்லோருக்கும் நிம்மதி.

உரை முடிந்ததும் பக்கத்தில் ஏதாவது உணவகத்துக்குப் போவார்கள். முதுகலை மாணவர்களையும் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் போய்விடுங்கள். பெரும்பாலும் அவரவர் செலவுதான், ஓர் ஆப்பிள் ஜூஸ் சோடாவோடு இரண்டு மணி நேரம் உட்காரலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

உச்சரிப்புப் பயத்துக்கு ஒரு மருந்து சொல்கிறேன். எழுத்தாளர் யோகோ தவாடா 1982-இல் ஜப்பானிலிருந்து ஹாம்பர்க் வந்தவர், இரண்டு மொழியிலும் எழுதுகிறார். 1998-இல் ட்யூபிங்கனில் எழுத்துக்கலை உரைகள் நிகழ்த்த அவரைத்தான் அழைத்தார்கள். ஜெர்மன் வெளியாள் காதில் எப்படி விழுகிறது என்பதே அவருடைய சரக்கு.

பழம்புத்தகம்

நெக்கர்க்கரை சொல்வதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இங்கே பள்ளி முடித்த பிள்ளை பதிமூன்று வயதிலிருந்து பாலாடும் (கதைப்பாடல்) நாடகமுமாகப் படித்து வந்திருக்கும். நாம் அப்படி வரவில்லை. நம்மில் பெரும்பாலோருக்குக் காஃப்கா தெரியும், ஹெஸ்ஸே தெரியும், பிரெக்ட் தெரியும். அதற்கு முன்னால் இருநூறு வருடம் இருட்டு. லெஸ்ஸிங்குக்கும் ஹைனேவுக்கும் இடையில் என்ன நடந்தது என்று தெரியாமல் மாலை உரைக்குப் போய் உட்கார்ந்தால், பேச்சாளர் போகிற போக்கில் விடும் பெயர்களில் பாதி காற்றில் போகும். அதைக் கேட்டு மேசையைத் தட்டிவிட்டு வருவதில் என்ன லாபம்?

வாரம் ஒன்று என்று பதினான்கு பதினைந்து விரிவுரை. ஒரு நூற்றாண்டை முதலிலிருந்து கடைசி வரை ஒரே ஆள் தன் பார்வையில் நடத்திக் காட்டுகிறார். எதை விட்டுவிட்டார், எதில் மூன்று வாரம் நின்றார் என்பதே ஒரு பாடம். நூலகத்தில் எல்லாம் இருக்கிறது என்பது சரி. எந்த அலமாரிக்குப் போவது என்று யார் சொல்வார்?

விருந்தினர் உரைகள் துறையின் அலங்காரம். சுவரொட்டி அழகாக இருக்கும், வந்தவர் புகழ்பெற்றவராக இருப்பார், நன்றியுரை நீளமாக இருக்கும். வேலைக்கும் போகும் மாணவி முதலில் அஸ்திவாரம் போடட்டும்.

மைன்நதி

ஃபிராங்க்ஃபர்ட்டுக்கே வருகிறீர்கள், அதனால் நான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சேரும் ஊரில்தான் இந்த 'எழுத்தாளர் வந்து பல்கலைக்கழகத்தில் பேசுவது' என்ற வழக்கமே ஜெர்மனியில் வேர் பிடித்தது. எஸ். ஃபிஷர் பதிப்பகம் பணம் கொடுக்க, 1959 நவம்பரில் கவிஞர் இங்கபோர்க் பாஹ்மன் முதல் உரையை நிகழ்த்தினார். அப்போது அவருக்கு வயது 33. தத்துவத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர், 1954-இலேயே ஷ்பீகல் வார இதழின் அட்டைப்படத்தில் வந்தவர். அந்தக் குளிர்காலத்தில் ஐந்து உரைகள். பேராசிரியர்கள் இலக்கியத்தை விளக்கிய மேடையில், எழுதுகிறவர் நின்று 'எழுத்து இன்று எதற்காக' என்று கேட்டது அன்றைக்குப் புதுசு.

அதற்குப் பிறகு ஹைன்ரிஷ் போல், என்சென்ஸ்பெர்கர் என்று எழுத்தாளர்கள் வந்தார்கள். 1968-இல் நின்று போனது. 1979-இல் ஊவே யோன்சனோடு மறுபடி தொடங்கியது, இம்முறை சூர்காம்ப் பதிப்பகம் பின்னால் நின்றது. 1984-85-இல் கவிஞர் எர்ன்ஸ்ட் யாண்டில் வந்தார். அவர் கவிதையைப் பற்றிப் பேசியதைவிட வாயைத் திறந்து, மூடி, ஒலியெழுப்பிக் காட்டியதுதான் அதிகம். காணொளியாகவும் பதிவாகியிருக்கிறது. ஜெர்மன் கற்கும் எவருக்கும் அதை நான் சிபாரிசு செய்வேன், இலக்கணப் பயம் போய்விடும். 1990 பிப்ரவரியில் நாவலாசிரியர் குந்தர் கிராஸ், அவுஷ்விட்ஸுக்கு (நாஜிகளின் கொலை முகாம்) பிறகு எழுதுவது பற்றி. பெர்லின் சுவர் விழுந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஊரே இரு ஜெர்மனிகளின் இணைப்பைக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அவர் அவசரப்படாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கு மிகவும் பிடித்தது 1982. கிழக்கு ஜெர்மனியிலிருந்து எழுத்தாளர் கிறிஸ்டா வோல்ஃப் வந்தார். கசாண்ட்ரா (கிரேக்கப் புராணத்துத் தீர்க்கதரிசி) கதையை எப்படி எழுதினேன் என்று நான்கு உரைகள், ஐந்தாவதாகக் கதையே. கிரீஸ் பயணம், நாட்குறிப்பு, ஏவுகணைகளைப் பற்றிய அச்சம் எல்லாம் கலந்து வரும். மறு ஆண்டு அது புத்தகமானபோது கிழக்கு ஜெர்மன் பதிப்பில் ஆயுதக் குறைப்பு பற்றிய வரிகளைத் தணிக்கையில் வெட்டினார்கள். வெட்டிய இடங்களில் புள்ளிகள் போட்டே அச்சிட்டார்கள். மேற்கில் முழுப் பதிப்பு இருந்தது. கிழக்கு வாசகருக்குப் புள்ளிகளைப் பார்த்ததும் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஒரு பல்கலைக்கழக உரைக்கு அரசாங்கம் இவ்வளவு பயந்திருக்கிறது. பழம்புத்தகம் இதை அலங்காரம் என்கிறார்.

இப்போதும் நடக்கிறது. டானியல் கெல்மன் 2014, யூடித் ஹெர்மன் 2022. டெரேசியா மோரா 2013-14-இல் பேசினார். ஹங்கேரியில் பிறந்து 1990-இல் பெர்லின் வந்தவர், பிறகு 2018-இல் ப்யூஷ்னர் பரிசு (ஜெர்மன் இலக்கியத்தின் பெரிய பரிசு). அனுமதி இலவசம், மாணவராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வழக்கமாக முடிவில் லிட்டரட்டூர்ஹவுஸில் (இலக்கிய இல்லம்) ஒரு வாசிப்பும் இருக்கும்.

மதுரைமல்லி

மைன்நதி அண்ணா, யாண்டில் காணொளித் துண்டு ஒன்று கிடைத்தது. பக்கத்து அறையிலிருந்து அம்மா ஓடி வந்து "என்னடி ஆச்சு?" என்றார்.

பழம்புத்தகம் ஐயா சொன்ன 'இருநூறு வருட இருட்டு' எனக்கு அப்படியே பொருந்துகிறது. அது பயமுறுத்துகிறது.

ரூர்ப்பெண்

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அப்பா அம்மா யாழ்ப்பாணம். ரூர் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சிக்காக டொச் (ஜெர்மன்) படித்து, இப்போது ஜிம்னாசியத்தில் (மேல்நிலைப் பள்ளி) படிப்பிக்கிறேன்.

'இங்கே பள்ளி முடித்த பிள்ளைக்கு எல்லாம் தெரியும்' என்று பழம்புத்தகம் எழுதியதை என் வகுப்பில் வாசித்துக் காட்ட ஆசை. அபிட்டூருக்கு (பள்ளி இறுதிச் சோதனை) என்ன பட்டியலில் இருக்கோ அதைத்தான் படிக்கிறார்கள். கோத்தே ஒன்று, காஃப்கா ஒன்று, கொஞ்சம் கவிதை. அதற்கு மேல் மிகச் சிலர்தான். நீங்கள் சி1 எடுத்து, வீட்டில் சண்டை பிடித்து, இந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்து வருகிறீர்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கப் போகிறவர்களில் பலர் வாத்தியார் வேலைக்காக வந்தவர்கள், சோதனையில் எது வரும் என்பதுதான் அவர்கள் கேள்வி. ஆகவே உங்களை நீங்களே குறைத்துக் கதைக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனம். பெரிய ஃபோர்லேசுங் மண்டபத்தில் யாரும் யாருடனும் கதைக்க மாட்டார்கள். வருவார்கள், லேப்டொப்பைத் திறப்பார்கள், போய்விடுவார்கள். தனிமைக்கு அது நல்ல இடம் இல்லை. முதல் வாரம் மாணவர் மன்றம் புதியவர்களுக்காக வைக்கிற சுற்றுலா, காலைச் சாப்பாடு, வினாடிவினா எல்லாம் சின்னப்பிள்ளை வேலை மாதிரித் தெரியும். போங்கள். பழைய சோதனைத் தாள் யாரிடம் இருக்கு, எந்தப் பேராசிரியர் கட்டுரையைத் திருத்த எட்டு மாதம் எடுப்பார் என்பதெல்லாம் அங்கேதான் தெரிய வரும்.

ஜெர்சிக்காரன்

அமெரிக்காவிலிருந்து ஒரு குறுக்கீடு. இங்கே ஜெர்மன் துறைகள் சின்னவை, மாணவர் வராவிட்டால் துறையையே மூடிவிடுவார்கள் என்ற பயம் எப்போதும் உண்டு. அதனால் நிகழ்ச்சிகள் தடபுடலாக நடக்கும். வாராவாரம் காபியும் கேக்கும் வைத்து ஜெர்மன் பேசுவது, வெள்ளிக்கிழமை படம், டிசம்பரில் சூடான ஒயின். பல வளாகங்களில் மாக்ஸ் காடே பெயரில் வீடோ மையமோ இருக்கும். காடே, ஜெர்மனியின் ஷ்வேபிஷ் ஹால் ஊரிலிருந்து வந்து பெர்ட்டுசின் என்ற இருமல் மருந்து விற்றுப் பணக்காரர் ஆனவர், 1944-இல் அறக்கட்டளை வைத்தார். இன்றைக்கும் அந்த இருமல் மருந்துக் காசில்தான் பாதி அமெரிக்காவில் ஜெர்மன் எழுத்தாளர்கள் விருந்தினராக வந்து தங்குகிறார்கள்.

அலங்காரமா இல்லையா என்ற சண்டைக்கு என் பங்கு: 1966 ஏப்ரல், பிரின்ஸ்டன். ஜெர்மன் துறை அழைக்க, குரூப்பே 47 எழுத்தாளர் கூட்டம் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்தது. அவர்கள் வழக்கம் தெரியுமில்லையா? எழுதியதை நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், பிறகு மற்றவர்கள் கிழிப்பார்கள், வாசித்தவர் பதில் பேசக்கூடாது. அந்த நாற்காலிக்கே மின்சார நாற்காலி என்று பெயர். அங்கே 23 வயதுப் பையன் ஒருவன், பீட்டர் ஹாண்ட்கே, எழுந்து இன்றைய ஜெர்மன் உரைநடைக்கு வர்ணிக்கத் தெரியுமே தவிர வேறொன்றும் தெரியாது, அதிலும் மலட்டு வர்ணனை என்று ஒரு போடு போட்டான். கிராஸ் போன்ற பெரிய தலைகள் உட்கார்ந்திருந்த இடம். அதே ஜூனில் ஃபிராங்க்ஃபர்ட் நாடக அரங்கில், பார்வையாளர்களைத் திட்டித் தீர்க்கும் அவன் நாடகம் மேடையேறியது. 2019-இல் நோபல் (அது எழுப்பிய யூகோஸ்லாவியச் சர்ச்சைக்குத் தனி இழை வேண்டும், இங்கே வேண்டாம்). பிரின்ஸ்டன் கூட்டத்தின் ஒலிப்பதிவுகளை அந்தத் துறையே இணையத்தில் போட்டிருக்கிறது. கேட்டுப் பாருங்கள். நாகரிகமான கேள்வி-பதில் நேரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு சாதுவானது என்று புரியும்.

இரவுப்பணி

எல்லாரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். ஆனால் ஆறே கால் முதல் எட்டு வரை உரை, அப்புறம் உணவகம். அந்த நேரத்தில் நான் கிடங்கில் பெட்டி ஸ்கேன் செய்துகொண்டிருந்தேன். செமஸ்டர் நேரத்தில் மாணவர் பொதுவாக வாரம் இருபது மணி நேரம் வேலைக்குப் போகலாம், அந்த இருபது மணியும் மாலையிலும் இரவிலும்தான் கிடைக்கும். பகலில் வகுப்பு.

நான் படித்த துறையில் (பெயர் வேண்டாம்) 'வெளிநாட்டு மாணவர் மாலை' என்று ஒன்று வைத்தார்கள். நீங்கள் எதிர்பார்க்கிறபடியேதான். ஆளுக்கொரு நாட்டுச் சாப்பாடு கொண்டு வாருங்கள், உங்கள் ஊர்ப் பண்டிகை பற்றிச் சொல்லுங்கள். நான் 17-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் பரோக் கவிதையில் ஆராய்ச்சி செய்ய வந்தவன். அந்தக் காலக் கவிஞர் கிரிஃபியுஸ் பற்றி ஒருவர்கூட என்னிடம் கேட்கவில்லை, சமோசா பற்றி பதினைந்து பேர் கேட்டார்கள். எனக்குச் சமோசா செய்யத் தெரியாது. கடையில் வாங்கிப் போனேன்.

ஆகவே மதுரைமல்லி, பதிவு செய்யப்பட்டு இணையத்தில் ஏறும் ஃபோர்லேசுங் எது என்று முதலில் பாருங்கள். இரவு இரண்டு மணிக்கும் கேட்கலாம், புரியாத வாக்கியத்தை மூன்று தடவை கேட்கலாம். என் ஜெர்மன் அப்படித்தான் தேறியது.

பழம்புத்தகம்

மைன்நதி என்னை மேற்கோள் காட்டிக் குத்தியதால் வருகிறேன்.

1982-ஐச் சொன்னீர்கள், 1979-ஐயும் சொன்னீர்கள். கிறிஸ்டா வோல்ஃப், ஊவே யோன்சன் இருவரும் யாரிடம் படித்தவர்கள்? லைப்சிக்கில் இலக்கியப் பேராசிரியர் ஹான்ஸ் மாயரிடம். 1948 முதல் 1963 வரை அங்கே அவர் நடத்தியது சாதாரண ஃபோர்லேசுங்தான், 40-ஆம் எண் விரிவுரைக் கூடத்தில். கிழக்கு ஜெர்மனியில் காஃப்காவையும் ஜாய்ஸையும் பற்றி வாய்விட்டுப் பேச இடம் அரிதாக இருந்த காலம். வேறு துறை மாணவர்களும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 1960-இல் பாஹ்மனையும் என்சென்ஸ்பெர்கரையும் மேற்கிலிருந்து வரவழைத்து வாசிக்க வைத்தார். கட்சிக்குப் பொறுக்கவில்லை. 1963-இல் மேற்குக்குப் போனவர் திரும்பவில்லை. உங்கள் ஃபிராங்க்ஃபர்ட் மேடையில் நின்ற இருவரை உருவாக்கியதில் வாராவாரம் நடந்த விரிவுரைக்குப் பங்கு உண்டு. இதுதான் நான் சொல்ல வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. இந்தத் துறையில் சேருகிறவர் இந்தத் துறையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1933 மே 10 அன்று பான் நகரில் புத்தகங்களை எரித்தபோது உரையாற்றியவர்களில் ஒருவர் ஹான்ஸ் நௌமன், ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர். போர் முடிந்த பிறகு அந்தத் தலைமுறைப் பேராசிரியர்கள் பலர் ஒன்றும் நடக்காதது போலத் தங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, உரையை மட்டும் பார், வரலாற்றைப் பார்க்காதே என்று பாடம் நடத்தினார்கள். 1966-இல் மியூனிக்கில் கூடிய ஜெர்மனிஸ்ட் (ஜெர்மன் மொழி, இலக்கிய ஆய்வாளர்) மாநாட்டில்தான் லெம்மெர்ட், கில்லி, கொன்ராடி, போலென்ஸ் ஆகிய பேராசிரியர்கள் மேடையேறித் தங்கள் துறையே தேசியவாதத்துக்கு எப்படிச் சேவகம் செய்தது என்று பேசினார்கள். மறு ஆண்டு அது சிறு புத்தகமாக வந்தது. பிறகுதான் மாணவர்கள் தங்கள் பேராசிரியரின் பழைய கட்டுரைகளை நூலகத்தில் தேடிப் பிடிக்க ஆரம்பித்தார்கள்.

மியூனிக் நடந்தது மேடையில், ஃபோர்லேசுங்கில் அல்ல என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

மைன்நதி

அதைத்தான் டைப் செய்துகொண்டிருந்தேன் :)

மதுரைமல்லிக்கு ஒரு தகவல். உங்கள் துறை இருக்கும் கட்டடமே அந்தக் கதையின் ஒரு பகுதி. ஹான்ஸ் போல்ஸிக் வடிவமைத்த, ஐ.ஜி. ஃபார்பன் என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் தலைமையகம். அவுஷ்விட்ஸ்-மொனோவிட்ஸ் நாஜி முகாமில் கைதிகளை வேலை வாங்கிய அதே நிறுவனம். போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் இருந்தது, 2001-இல் பல்கலைக்கழகம் வந்தது. முகவரியில் பெயர் இருக்கும் நோர்பர்ட் வோல்ஹைம், மொனோவிட்ஸில் அடிமை வேலை செய்து உயிர் பிழைத்து, பிறகு ஐ.ஜி. ஃபார்பன்மீது வழக்குப் போட்டவர். வளாகத்திலேயே நினைவிடம் இருக்கிறது. முதல் வாரமே அங்கே போய்விடுங்கள், எந்த அறிமுக நிகழ்ச்சியையும்விட முக்கியம்.

ஹாலேவாசி

தாமதமாக வருகிறேன். தமிழ்த் தொடர்பு எதுவும் தேடாமல் எல்லோரும் எழுதியது மகிழ்ச்சி. ஆனால் நான் இருக்கும் ஹாலே நகரில் அது தேடாமலே கிடைக்கிறது. ஃபிராங்கே நிறுவனங்களின் காப்பகத்தில் தரங்கம்பாடியிலிருந்து போன தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அதைவிட எனக்குச் சுவையானது, தரங்கம்பாடி மிஷனரிகள் சீகன்பால்கும் கிருண்ட்லரும் கேட்ட கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய பதில் கடிதங்கள். ஜெர்மனில் மொழிபெயர்த்து 1714-இலும் 1717-இலும் ஹாலேயில் அச்சிட்டார்கள். சாதி, திருமணம், சாமி, வெள்ளைக்காரன் குடிப்பழக்கம் எல்லாம் வரும். பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் உரைநடையில் தஞ்சாவூர் பக்கத்து ஆட்கள் பேசுகிறார்கள். இதை மதப்பணி வரலாறு என்று ஓரங்கட்டாமல் ஜெர்மன் இலக்கிய செமினாரில் படிக்கலாம். மொழிபெயர்ப்பில் எங்கே கையை வைத்தார்கள் என்று சந்தேகப்பட நமக்குத்தான் காது இருக்கிறது. செமஸ்டர் கட்டுரைக்குத் தலைப்பு தேடும்போது நினைவில் வையுங்கள். இரவுப்பணி, உங்களிடம் சமோசா கேட்டவர்களுக்கு இதைப் படிக்கக் கொடுத்திருக்கலாம்.

இரவுப்பணி

இருபது வருடம் முன்னால் சொல்லியிருக்கக் கூடாதா.

மதுரைமல்லி

ஹாலேவாசி, இது எனக்குத் தெரியவே தெரியாது. குறித்துக்கொண்டேன்.

நெக்கர்க்கரை அண்ணாவிடம் ஒரு கேள்வி. கேள்வி நேரத்தில் யாரோ ஏதோ கேட்பதால் உண்மையிலேயே ஏதாவது மாறுமா? பேச்சாளர் 'அருமையான கேள்வி' என்று சொல்லிவிட்டுத் தான் சொன்னதையே திரும்பச் சொல்வதைத்தான் இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன்.

நெக்கர்க்கரை

பெரும்பாலும் மாறாது, உண்மைதான். ஆனால் 1997-இல் சூரிச்சில் நடந்ததைப் பாருங்கள். எழுத்தாளர் செபால்டு அங்கே எழுத்துக்கலை உரைகள் நிகழ்த்தினார். அவரே இங்கிலாந்தில் நாரிச் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் இலக்கியம் நடத்திய பேராசிரியர்தான். போரில் ஜெர்மன் நகரங்கள்மீது விழுந்த குண்டுகளைப் பற்றி ஜெர்மன் எழுத்தாளர்கள் ஏன் ஏறத்தாழ வாயே திறக்கவில்லை என்பது வாதம். செய்தித்தாள்களில் சண்டை வந்தது, அவருக்குக் கடிதங்கள் குவிந்தன. 'இதோ நான் எழுதியிருக்கிறேனே' என்று சிலர், 'இப்படிப் பேசலாமா' என்று சிலர், யூதர்கள்மீது பழி போடும் ஒருவருடைய கடிதமும் அதில் உண்டு. 1999-இல் புத்தகமாக்கியபோது அந்தக் கடிதங்களுக்கு முகம் கொடுத்து ஒரு பகுதியையே கூடுதலாக எழுதிச் சேர்த்தார். கேட்டவர்களால் உரை வளர்ந்தது.

நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுக்க இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பேச்சாளர் எவ்வளவு பெரியவர் என்று பார்க்காதீர்கள், கேள்விக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 60 நிமிட உரைக்கு 10 நிமிடக் கேள்வி என்றால் இரவுப்பணி சொன்னபடி வீட்டில் பதிவைக் கேளுங்கள். 40 நிமிட உரைக்கு 50 நிமிடம் என்றால் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டாவது போங்கள். கொலோக்வியத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் தங்கள் அத்தியாயத்தை முன்கூட்டியே அனுப்பிவிடுவார்கள், மொத்த நேரமும் விவாதம்தான். சுவரொட்டி எதுவும் இருக்காது. பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் முதுகலை மாணவரையும் சேர்த்துக்கொள்வார்கள்.

துறை மார்பாக்குக்குப் பயணம் அறிவித்தால் பெயர் கொடுத்துவிடுங்கள். ஜெர்மன் இலக்கியக் காப்பகம் அங்கேதான். காஃப்காவின் 'விசாரணை' கையெழுத்துப் பிரதியை 1988-இல் ஏலத்தில் பத்து லட்சம் பவுனுக்கு வாங்கி வைத்திருக்கிறார்கள்.

ரூர்ப்பெண்

சண்டை பிடிக்கிற பெரியவர்கள் இரண்டு பேருக்குமாக: கவிஞர் ஷில்லர் 1789 மே 26 அன்று யேனாவில் சம்பளமில்லாப் பேராசிரியராக முதல் உரை நிகழ்த்தினவர். கூட்டம் சின்ன மண்டபத்தில் கொள்ளவில்லை, ஊரிலேயே பெரிய மண்டபத்துக்கு மாற்ற வேண்டி வந்தது. இடம் பிடிக்க மாணவர்கள் தெருவில் ஓடின ஓட்டத்தைப் பார்த்துச் சனம் எங்கோ தீப்பிடித்ததாக நினைத்ததாம். அது பாடத்திட்ட ஃபோர்லேசுங்கா, மாலை நிகழ்ச்சியா? இரண்டும்தான். தொடங்கினது மாலை ஆறு மணிக்கு.

மதுரைமல்லி

சரி, நான் போட்டிருக்கும் திட்டம் இது. 18, 19-ஆம் நூற்றாண்டு பற்றி ஒரே ஒரு ஃபோர்லேசுங், அதை முழுதாக, நேரில். இரண்டு செமினார். மாலை நிகழ்ச்சிக்காக வாரத்தில் ஒரு மாலையை வேலைக்குக் கொடுக்காமல் வைப்பது. எழுத்தாளர் உரைகள் நடக்கும் வாரங்களில் முதலாளியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது. கொலோக்வியம் இரண்டாம் செமஸ்டரில். அதிகமாக இருக்கிறதா?

பழம்புத்தகம்

சரியாக இருக்கிறது. ஃபோர்லேசுங்கின் நூல் பட்டியல் முன்பே இணையத்தில் வந்தால் மூன்று நூல்களையாவது ஊரிலேயே படித்து முடியுங்கள். ரெக்லாம் பதிப்பகத்தின் மஞ்சள் புத்தகங்கள் விலை குறைவு, ஆனால் இங்கே வந்த பிறகு படிக்க நேரம் இருக்காது.

மைன்நதி

திட்டம் நல்லது. மாலையை மட்டும் இப்போதே முடிவு செய்யாதீர்கள். நிகழ்ச்சி அட்டவணை பெரும்பாலும் செமஸ்டர் தொடங்கும் நேரத்தில்தான் முழுதாக வரும், அதைப் பார்த்துவிட்டு முதலாளியிடம் பேசுங்கள். செமினார்களுக்கு இடம் குறைவு, பதிவு செய்யும் தேதி வகுப்பு தொடங்கும் முன்னாலேயே முடிந்துவிடலாம். விமானம் ஏறும் முன் பல்கலைக்கழக இணையக் கணக்கைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் நடுவில் புத்தகச் சந்தையும் வந்துவிடும். அந்த வாரம் நகரம் முழுவதும் வாசிப்புகள் நடக்கும், சந்தைக்கு மாணவர் சலுகைச் சீட்டு உண்டு.

கதவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும் பழைய லிஃப்ட் கட்டடத்தில் இருக்கிறது. கையில் பெட்டியோ பெரிய பையோ இருந்தால் அதில் ஏறாதீர்கள், படி இருக்கிறது.